நீலச் சட்டைக்காரருக்குச் சொன்னது

என் தம்பியும் நானும் இரண்டு வருடம் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஒரே கட்டடம், நான் முதல் மாடி, அவன் மூன்றாவது மாடி. ஒரே சலவை ஆலையில் வேலை, அதிலும் ஒரே ஷிஃப்ட். காலையில் அவன் படியிறங்கும் சத்தம் கேட்டால் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வீட்டுக்குள்ளேயே நிற்பேன். பஸ்ஸில் அவன் முன்வாசல் என்றால் நான் பின்வாசல். எங்கள் இருவர் மனைவிமாரும் இந்தக் கூத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் பாட்டுக்குக் கிண்ணம் மாற்றிக்கொண்டார்கள், பிள்ளைகள் பாட்டுக்கு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். ரோஷமெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் பெட்ஷீட் வரும். துவைத்து உலர்த்தியதும் பெரிய ரோலர் மெஷினில் விட்டுத் தேய்ப்போம். ஒரு நாள் தம்பி ஓரம் சுருண்டிருந்த ஷீட்டை அப்படியே உள்ளே விட்டுவிட்டான். அது உருளையைச் சுற்றிக்கொண்டு, மெஷின் அரை நாள் நின்றுவிட்டது. நான் ஃபோர்மேன். அறிக்கை எழுத வேண்டியவன் நான்தான். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ‘மெஷின் கோளாறு’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். தம்பி என்பதால் சலுகை காட்டினான் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று, தம்பிக்கு மட்டும் ‘கவனக்குறைவு’ என்று எழுதிப் பெயரையும் போட்டேன். அந்த வருடம் அவனுக்கு வரவேண்டிய ஆபரேட்டர் வேலை வேறு ஆளுக்குப் போனது.

“இனிமே உன்ன அண்ணன்னு கூப்பிட்டா ஏன்னு கேளு” என்றான் எல்லோர் முன்னாலும்.

“கூப்பிடாத. இங்க யாரு அழுதா?” என்றேன் நான்.

அதோடு சரி. ஆனால் ஃபோர்மேனும் ரோலர்காரனும் பேசாமல் ஒரு ஆலையில் வேலை நடக்குமா? நடந்தது. நடத்திக் கொடுத்தவர் சித்தப்பா.

அவர் எங்களுக்குச் சித்தப்பா இல்லை. உண்மையில் யாருக்குமே சித்தப்பா இல்லை. அவருக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. ஆலை முழுக்க அவரை அப்படிக் கூப்பிட்டது, அவர் வீட்டிலும் போய் ஒட்டிக்கொண்டது. ரோலரில் ஒரு ஷீட்டை விட இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து, சமமாக உள்ளே தள்ள வேண்டும். ஒரு முனை சித்தப்பா, மறு முனை என் தம்பி. நான் அங்கே போய் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, “சித்தப்பா, அந்த நீல வண்டியில இருக்கறத முதல்ல முடிக்கச் சொல்லுங்க” என்பேன். அவர் தலையைத் திருப்பி, “நீல வண்டிய முதல்ல முடிக்கணுமாம்ப்பா” என்பார். “அது அப்பவே முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க” என்பான் அவன். “முடிஞ்சிருச்சாம்ப்பா.” இப்படி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தபால். ஒரு தடவைகூட அவர் முகம் சுளித்ததில்லை.

ஒரு முறை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. அன்றைக்கும் தபால் ஓடியது, கையாலும் புருவத்தாலும். தலையணை உறை என்பதற்குத் தூங்குவதுபோல் காட்டினார். ஆஸ்பத்திரி துணி என்பதற்குத் தன் கையிலேயே ஊசி குத்திக்கொள்வதுபோல் விரலை வைத்தார். ‘ஃபோர்மேன் கோபமா இருக்காரு’ என்பதற்கு என்னைப் போலவே உதட்டைப் பிதுக்கி இடுப்பில் கை வைத்து நின்றார். தம்பி சிரிப்பை அடக்கமாட்டாமல் ஷீட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் வயிறு குலுங்கியது. யாராவது ஒருத்தர் அப்போது வாய்விட்டுச் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் விறைப்பாக வெளியே போய்விட்டேன். எதில் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டும் என்று ஒரு விவஸ்தை இருக்க வேண்டும் மனிதனுக்கு.

போன வருடம் ஆலையில் முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். ஒரு நர்ஸ் வந்தார். நடுத்தர வயது, உருண்டை முகம், அதட்டலான குரல். கூடவே கையும் காலும் இல்லாத ஒரு ரப்பர் பொம்மை. அதற்கு வந்த ஐந்தாவது நிமிடமே எங்கள் ஆட்கள் ‘அரை ஆள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஒருத்தர் விழுந்துட்டார்னா நீங்களும் ஓடிப்போய் மேல விழாதீங்க” என்று ஆரம்பித்தார் நர்ஸ். “முதல்ல சுத்திப் பாருங்க. கரண்ட் கம்பி கிடக்கா, மெஷின் ஓடுதா, தரை வழுக்குதா. அத நிறுத்திட்டுக் கிட்டப் போங்க. ரெண்டு தோளையும் தட்டிச் சத்தமா கூப்பிடுங்க. பதில் இல்லையா, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க. பத்து செகண்டுக்கு மேல பாத்துட்டு நிக்காதீங்க. விட்டு விட்டுக் கொறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், அத மூச்சுன்னு நம்பி ஏமாந்துராதீங்க. தண்ணி தெளிக்கறது, வாயில ஊத்தறது, உக்கார வைக்கறது, ஒண்ணும் வேணாம்.”

அப்புறம்தான் அதைச் சொன்னார்.

“இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ‘யாராவது போன் பண்ணுங்க’ன்னு கத்துவாங்க. யாராவதுங்கற ஆளு உலகத்துலயே கிடையாது. ஒரே ஒருத்தரக் கை காட்டணும். கண்ணப் பாத்துச் சொல்லணும். ‘நீல சட்டை போட்டவரே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க.’ இந்தக் கடைசி வார்த்தைய மறக்காதீங்க. அவர் வந்து சொன்னாத்தான் போன் போச்சுன்னு அர்த்தம்.”

சொல்லி முடித்து எங்களைப் பார்த்தார். இருபத்திரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். இருபத்திரண்டும் நீலச் சட்டை. ஆலைச் சீருடை அது. முதலில் சித்தப்பாதான் சிரித்தார், அப்புறம் எல்லோரும். நர்ஸும் சிரித்துவிட்டார்.

“சரிதான், இங்க அது வேலைக்கு ஆகாது. நீங்க பேர் சொல்லியே கூப்பிடுங்க. ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாதா என்ன?”

ஒவ்வொருவராகச் செய்து காட்டினோம். சித்தப்பா அரை ஆளின் நெஞ்சை அமுக்கும்போது ஒவ்வொரு அமுக்குக்கும் “மன்னிச்சுக்கப்பா” என்றார். என் முறை வந்தது. முழங்கையை மடக்காமல், நெஞ்சின் நடுவில், ஒரு நிமிடத்துக்கு நூறு, நூற்றிப்பத்து என்கிற வேகத்தில். “ஃபோர்மேனுக்கு அழுத்தம் கரெக்டா இருக்கு, எல்லாரும் பாத்துக்கங்க” என்றார் நர்ஸ். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிப்போனது உண்மை. ஆள் கூப்பிட்டுப் போன் பண்ணச் சொல்லும் கட்டத்தில் எனக்கு நேர் எதிரே நின்றது என் தம்பி. நான் கழுத்தைத் திருப்பி, “சித்தப்பா, நீங்க போன் பண்ணுங்க” என்றேன். சித்தப்பா காதில் கையை வைத்துப் போன் பேசுவதுபோல் நடித்துவிட்டு, “சொல்லிட்டேன்ப்பா, வண்டி வருதாம்” என்றார். நான் தேறிவிட்டேன். எனக்குச் சான்றிதழ் கொடுத்து, அதைச் சட்டம் போட்டு ஆலையில் மாட்டியும் வைத்தார்கள்.

அது நடந்து ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே சித்தப்பா, “இன்னைக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ரோலர் பக்கத்தில் நிற்பவனுக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்று நான் கடந்து போய்விட்டேன்.

பன்னிரண்டு இருபது. சாப்பாட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். நான் மடிக்கும் மேஜையில் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். “சித்தப்பா” என்று தம்பியின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது. திரும்பினேன். ஷீட்டின் ஒரு முனை அவன் கையில் இருந்தது. மறு முனையில் ஆள் இல்லை. ஷீட் கோணலாக உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. தம்பி எட்டி சிவப்புக் கயிற்றை இழுத்தான், ரோலர் நின்றது.

ஓடினேன். சித்தப்பா ஒருக்களித்துக் கிடந்தார், மல்லாக்கப் புரட்டினேன். இரண்டு தோளையும் தட்டிக் கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை எங்கும் இல்லை. தொண்டையிலிருந்து கொறட்டை மாதிரி ஒன்று வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. “மூச்சு இருக்கு, தண்ணி கொண்டாங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “இது மூச்சு இல்ல, தண்ணி வேணாம்” என்றேன். நர்ஸ் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அப்படி வந்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

போன். எங்கள் கைப்பேசியெல்லாம் வாசல் பக்கத்து லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுவரக் கூடாது. முற்றத்தைத் தாண்டி ஆபீஸ் அறையில் ஒரு போன் உண்டு. யாரையாவது ஓடவிட வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். நேர் எதிரே, சித்தப்பாவின் கால்மாட்டில் என் தம்பி. முகம் வெளுத்துப் போயிருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் மூன்று மாதத்தில் எங்கள் கண் சந்தித்தது அப்போதுதான்.

அவன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். பெயர்கூட வேண்டாம். “டேய், ஓடு” என்றால் போதும். அவன் நடை பழகின நாளிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. நாக்கு மேலண்ணம் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுகொண்டது. பெயர் தேவைப்படாத வாக்கியம் ஒன்று தயாராக மனப்பாடமாகி இருந்தது. கையை நீட்டி அதைச் சொன்னேன்.

“நீல சட்டை போட்டவரே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க.”

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். ‘வந்து என்கிட்ட சொல்லுங்க’ என்பதை விட்டுவிட்டேன். மறக்கவில்லை. அவன் வந்து என்னிடம் பேசும்படி நானே எப்படிக் கேட்பது?

அமுக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ அமுக்கில் உள்ளே எலும்பு நெறிந்தது கைக்குத் தெரிந்தது. அப்படி ஆகும், அதற்காக நிறுத்தாதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார், நிறுத்தவில்லை. என் வியர்வை அவர் சட்டையில் சொட்டியது. சுற்றிலும் நீலக் கால்சட்டைகள் மட்டும் தெரிந்தன. நடுவில் யாரோ எதிரே மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினார்கள், மாற்றிக்கொள்ள. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றச் சொல்லியிருந்தார் நர்ஸ். களைத்த கைக்கு ஆழம் வராது. “நான் பாத்துக்கறேன்” என்றேன், நிமிராமலே. கை விலகிக்கொண்டது.

ஆபீஸ் அம்மா ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அந்தப் பக்கம் வந்தார். கூட்டத்தை விலக்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டிக்குச் சொல்லியாச்சா?”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க பண்ணலையா?”

“இல்லைங்க, அவர் போனார்னு நெனச்சேன்.”

“நானா? நான் மெஷின் ஸ்டீம நிறுத்தப் போனேன்” என்றார் துணி உலர்த்தும் டிரையர்காரர்.

ஆபீஸ் அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தொன்பது. அப்போதுதான் தலையைத் தூக்கினேன். கால்மாட்டில் என் தம்பி சித்தப்பாவின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் போகவே இல்லை. அந்த நிமிடத்தில் என் மனதில் சித்தப்பா இல்லை. அவன்மேல் வந்த ஆத்திரம்தான் இருந்தது. நான் சொன்னேன் என்பதற்காகவே போகாமல் இருந்துவிட்டான் பாவி என்று நினைத்தபடியே அமுக்கிக்கொண்டிருந்தேன். இதை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வண்டி பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. அவர்கள் கருவியெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்கு ஒரு டாக்டர் வெளியே வந்து, சித்தப்பா போய்விட்டதைச் சொன்னார். “அமுக்கினது யாரு? சரியாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றார். பிறகு, “எத்தன மணிக்கு விழுந்தார்?” என்றார். சொன்னேன். “எப்ப வண்டிக்குக் கூப்பிட்டீங்க?” அதையும் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொண்டு, மேலே ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது தைரியம் இல்லாததால்தான்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. நாங்கள் ஆறேழு பேர் நின்றோம், தம்பியும் இருந்தான். மேனேஜர் விபத்துப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“போன் பண்ணச் சொல்லி யார்கிட்ட சொன்னீங்க?”

“என் தம்பிகிட்ட” என்றேன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். எங்களுக்கு நடுவில் நின்று அதை வாங்கிச் சொல்ல ஆள் இல்லை. மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் நிரப்பினேன். இரண்டாவது தடவையாக ஒரு காகிதத்தில் என் தம்பியின் பெயரை எழுதினேன். வாயால் கூப்பிட வராத பெயரைக் கையால் எழுத எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

ஆலையில் பேச்சு இரண்டே நாளில் பரவிவிட்டது. அண்ணன்மேல் இருந்த வன்மத்தில் ஒரு உயிரை விட்டுவிட்டான் என்று. அவன் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜையில் ஆட்கள் எழுந்து போனார்கள். ரோலரில் அவனோடு மறு முனை பிடிக்க யாரும் முன்வரவில்லை. இரண்டு நாள் அவன் தனியாக ஷீட்டை விட்டுப் பார்த்தான். ஒரு முனையைச் செருகிவிட்டு மறு முனைக்கு ஓடுவான், அதற்குள் இது சுருண்டுகொள்ளும். நான் மடிக்கும் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் நான், ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போய்ப் பிடித்திருக்கலாம். வேண்டும் அவனுக்கு என்று நின்றேன். மூன்றாம் நாள் அவனைத் துணி பிரிக்கும் பக்கம் மாற்றினார்கள், பதினைந்தாம் நாள் அவனே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான். வேறு ஊரில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு காலி செய்த அன்று காலை நான் படியில் மாட்டிக்கொண்டேன். அவன் ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான், நான் ஏறிக்கொண்டிருந்தேன். ஒதுங்க இடமில்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றான். “அன்னைக்கு யார்கிட்ட சொன்ன?”

“உன்கிட்டதான். கைய நீட்டி உன்ன நேராப் பாத்துச் சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“போன் பண்ணச் சொன்னேன்.”

“அப்படியே சொல்லு. என்ன வார்த்த சொன்னியோ அத அப்படியே சொல்லு.”

சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நீல சட்டை போட்டவரே, நீங்க.

“நான் பொறந்ததுல இருந்து என்ன எப்பவாச்சும் நீங்கன்னு சொல்லியிருக்கியா நீ?” என்றான். குரலை உயர்த்தவில்லை. “நீங்கன்னதும் நான் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னால டிரையர்காரர் நின்னார், பெரியவர். அவரத்தான் சொல்றேன்னு நெனச்சேன். அவரும் விறுவிறுன்னு வெளிய போனார். போன் பண்ணத்தான் போறார்னு இருந்துட்டேன். ஸ்டீம நிறுத்தப் போனாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் கை மாத்திவிடலாம்னு உன் எதிர்ல உக்காந்தேன். ‘நான் பாத்துக்கறேன்’னுட்ட. சரி, நம்ம கையும் ஆகாது போலிருக்குன்னு கால்மாட்டுக்குப் போயிட்டேன்.”

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். “அன்னைக்கு மேனேஜர் முன்னால இத ஏன்டா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? என் அண்ணன் என்ன மரியாதையாக் கூப்பிட்டான், அதனால எனக்குப் புரியலன்னா? சிரிப்பாங்க.”

மெத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். நான் ஒரு பக்கத்தையாவது பிடித்திருக்கலாம். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

அப்புறம் பல நாள் சரியான தூக்கம் இல்லை. ஒரு திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், நான் யார் பெயரையும் சொல்லவில்லை, போன் போனதா என்று கேட்டு உறுதி செய்யவும் இல்லை, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இது இப்ப எதுக்கு? ஆள்தான் போயாச்சே” என்றார். எந்த ஆளைச் சொன்னார் என்று தெரியவில்லை. காகிதத்தைக் கோப்பில் வைத்தார். சுவரில் இருந்த சான்றிதழை நானே கழற்றினேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சொல்ல வேண்டிய இன்னொரு இடம் பாக்கி இருந்தது. சித்தப்பாவின் மனைவியை நாங்கள் சித்தி என்போம். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பவர். சித்தப்பா போன பிறகு நான் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் சித்தி என் கையைப் பிடித்து, “கடைசி வரைக்கும் நீதான் போராடின” என்று அழுதார். நானும் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மதியம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மடியில் சட்டை, பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் பொத்தான்கள். “வாப்பா, உக்காரு” என்றார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொல்லிக் கொடுத்ததும் நான் விட்டதும், பெயர் சொல்லிக் கூப்பிடாததும், ஒன்பது நிமிடம் போனதும், அதைத் தம்பி தலையில் கட்டியதும். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் யாரையாவது சபிப்பதென்றால் என்னைச் சபியுங்கள் என்றேன்.

சித்தி ஊசியை எடுத்துச் சட்டையின் ஓரத்தில் குத்தி வைத்தார்.

“சின்னவன் வந்தான்” என்றார் பிறகு. “அவர் போன நாலாம் நாளே வந்தான். வீட்டுக்குள்ள வராம அந்த வாசப்படியிலயே உக்காந்துக்கிட்டான்.”

“என்ன சொன்னான் சித்தி?”

“‘அண்ணன் என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு, எனக்குத்தான் காதுல விழல’ன்னான். ‘ரோலர் சத்தத்துல கேக்கல சித்தி, அண்ணன் மேல ஒண்ணும் இல்ல, அவர் சரியாத்தான் செஞ்சாரு’ன்னு திருப்பித் திருப்பி அதையே சொன்னான். நான் பாவி, அவனப் பாத்து இனிமே இந்த வாசல மிதிக்காதன்னு சொல்லிட்டேன். சரி சித்தின்னு எந்திரிச்சுப் போயிட்டான்.”

ரோலர் அப்போது ஓடவில்லை. கயிற்றை இழுத்து அதை நிறுத்தியவனே அவன்தான்.

சித்தி என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அண்ணன் என்று அவன் அத்தனை தடவை சொன்னானா என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அங்கேயே, அவன் உட்கார்ந்த வாசற்படியில், உட்கார்ந்துகொண்டேன்.